நாலு சக்கரமும் இழுக்கும்

“காப்பாத்தினவனப் பிடிச்சு உள்ள வச்சிருக்கீங்க. இடிச்சவன் எங்கயோ கால் மேல கால் போட்டு சாயா குடிக்கான். நல்லா இருக்கு சார் உங்க விசாரணை!”

ஜுஹைனா மேஜையைத் தட்டிய தட்டில் இன்ஸ்பெக்டரின் தொப்பி விளிம்பு வரை நகர்ந்தது. அவர் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த அறையில் வேறு எதையும் காப்பாற்றும் உத்தேசம் அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

“ஏம்மா, சத்தம் போடாத. இது ஸ்டேஷன்.”

“வெளிய போர்டு பாத்தோம் சார். அத நம்பித்தான் உள்ள வந்தோம்,” என்றான் பின்னால் நின்ற சுஜின்.

ஜுஹைனா கோட்டாறுக்காரி. பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைச் சோதித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். சுஜின் அவளுடைய உதவியாளன். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன் என்பதைத் தவிர அவனிடம் வேறு குறை கிடையாது. இருவரையும் கூட்டி வந்த அஞ்சலி, கண்கள் வீங்கி, வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணன் அனில்குமார் லாக்கப்பில் இருந்தான்.

அவன் செய்த குற்றத்தைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும். கன்னிப்பூ என்னும் முதல் போக அறுவடை சமயத்தில் பூதப்பாண்டிப் பக்கம் வயலுக்கு நடுவே போகும் ரோடெல்லாம் வைக்கோல் விரித்துவிடுவார்கள். வெயிலில் காயும், போகிற வருகிற வண்டிகளும் ஏறி மிதித்துப் பதமாக்கிவிடும். வண்டிக்காரர்கள் திட்டிக்கொண்டே ஏறிப்போவார்கள். நேற்றுக் காலை அப்படி வைக்கோல் கிளறிக்கொண்டிருந்த இசக்கி என்ற பெண்ணை ஒரு வெள்ளைக் கார் இடித்துத் தள்ளிவிட்டு, ரோட்டை விட்டு வயல் சேற்றில் இறங்கி, மறுபடி வரப்பேறி ஓடிப்போனது. தூரத்தில் நின்றவர் கண்ணில் பட்டது நிறமும் உருவமும் மட்டும்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த வழியாக வந்தவன் அனில்குமார். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவன். அவன் காரும் வெள்ளை, அதே ரகக் குடும்ப வண்டி. பின்சீட்டை மடக்கித் தட்டையாக்கி, இசக்கியைப் படுக்கவைத்து, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டரே சொன்னார். அவளுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. போலீஸ் வந்தது, வண்டிக்குள் ரத்தத்தைப் பார்த்தது, பம்பரில் ஒரு பழைய நசுங்கலைப் பார்த்தது, ஓட்டி வந்தவனைத் தூக்கி உள்ளே போட்டது. இன்று சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ரிமாண்ட் செய்யப் போகிறார்கள். ஜெயிலுக்குப் போய்விட்டால் அவன் மஸ்கட் வேலையும் போச்சு, பேரும் போச்சு.

“இடிச்சிட்டு ஓடியிருக்கான். மனசு உறுத்தியிருக்கு, திரும்பி வந்து தூக்கியிருக்கான்,” என்றார் இன்ஸ்பெக்டர். “ரெண்டும் ரெண்டும் நாலு.”

“நாலுதான் சார். நானும் நாலத்தான் சொல்ல வந்தேன். எந்திரிச்சு வாங்க வெளிய!”

ஸ்டேஷன் முற்றத்தில் அனில்குமாரின் கார் நின்றது. ஜுஹைனா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள். வாசலில் நின்ற கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள்.

“சுஜின், டார்ச்!”

“அக்கா, பைய. வெயில்ல நிக்குத வண்டி, சைலன்சர் சுடும். உங்க அளவுக்கு சுடாது, ஆனாலும் சுடும்.”

முன்சக்கரங்களுக்கு நடுவே சுழலும் தண்டில் வைக்கோல் கயிறு திரித்த மாதிரி சுற்றிக்கிடந்தது. பின்பக்கம் ஒரு துரும்பு இல்லை. அவள் வெளியே வந்து, முதுகில் மண்ணோடு இன்ஸ்பெக்டர் முன் நின்றாள்.

“இந்த வண்டிக்கு எஞ்சின் முன்சக்கரத்த மட்டும்தான் திருப்பும். பின்சக்கரம் சும்மா உருளும். அதனாலதான் முன்னால மட்டும் வைக்கோல் சுத்தியிருக்கு.”

“முன்னால ரெண்டு மாடு இழுக்குது. பின்னால ரெண்டு மாடு கூட நடந்து வருது,” என்று சுஜின் விளக்கவுரை கொடுத்தான்.

“இப்ப வயலுக்கு வாங்க சார். காலையில நாங்க போய்ப் பாத்துட்டுத்தான் வாறோம். இடிச்ச வண்டி சேத்துல இறங்கின இடத்துல நாலு சக்கரமும் மண்ணப் பறிச்சு எறிஞ்சிருக்கு. நாலும்! நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை உள்ள வண்டிதான் அந்தச் சேத்துல இருந்து தானா ஏறிப் போவும். இந்த வண்டி அதுல இறங்கியிருந்தா இன்னும் அங்கதான் கிடக்கும், கொக்கு வந்து உக்காரும்!”

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். “அதெல்லாம் கோர்ட்டுல சொல்லு.”

“இதே ரகத்துல, வெள்ளையில, நாலு சக்கர இழுவையோட இந்த வட்டாரத்துல ஓடுறது ஒரே வண்டி,” என்றான் சுஜின். “கருங்கல் ஊருல ரப்பர் ஷீட்டு வியாபாரம் பண்ணுற ரசலையன் வண்டி. வீடியோ போட்டே ஊரக் கொல்லுதாரு. மலை ஏறுறாரு, ஆத்துல இறங்குறாரு. எங்க அம்மைக்கே அந்த வண்டியப் பத்தி எல்லாம் தெரியும்.”

“ரசலையனா?” இன்ஸ்பெக்டர் இளக்காரமாகச் சிரித்தார். “அவரு வண்டி முந்தாநாள்ல இருந்து தடிக்காரன்கோணம் பக்கம் அவரு எஸ்டேட்டுல சேத்துல மாட்டிக் கிடக்கு. நேத்து அவரே எனக்கு போன் போட்டு, இழுக்க டிராக்டர் ஏதாவது கிடைக்குமான்னு கேட்டாரு. போட்டோவும் அனுப்பினாரு. போதுமா?”

ஜுஹைனாவின் முகம் சிவந்துவிட்டது. “சார், உங்க வண்டி சேத்துல மாட்டினா நீங்க டிராக்டர்காரனக் கூப்பிடுவீங்களா, கலெக்டரக் கூப்பிடுவீங்களா?”

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து அந்தப் போட்டோவை மறுபடி பார்த்தார். இந்த மனுஷனுக்கு அந்தக் கேள்வி ஏன் நேற்றே தோன்றவில்லை என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலத்துக்குள் திரும்பி வருவதாக அஞ்சலியிடம் சொல்லிவிட்டுத் தன் ஜீப்பில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

“கதவு பாவம் அக்கா. அதுக்கும் இந்த கேசுக்கும் சம்பந்தமில்ல.”

“வாய மூடிட்டு ஓட்டுலே!”

மலையடிவாரத்தில் மழை பெய்து விட்டிருந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை குழைந்துகிடந்தது. எஸ்டேட் பங்களாவுக்கு முன்னால் ஒரு பள்ளத்தில், கதவு வரை சேறு அப்பி, மூக்கை ஒரு ரப்பர் மரத்தில் முட்டிக்கொண்டு அந்த வெள்ளைக் கார் நின்றது. பம்பர் நொறுங்கியிருந்தது. இடித்த நொறுங்கலை மறைக்க இன்னொரு இடி. ஜுஹைனா அதைப் பார்த்த மாத்திரத்திலேயே பல்லைக் கடித்தாள்.

“இப்ப ரெண்டு பேரும் வண்டி வாங்க வந்தவங்க,” என்று காதோடு சொன்னாள். “நீ வண்டியக் கேவலமாப் பேசணும்.”

“சம்பளமே இல்லாம இதச் சும்மாவே செய்வேன் அக்கா.”

ரசலையன் பங்களா வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி, கையில் கனத்த மோதிரம், முகத்தில் யாரோ போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்ற தோரணை. சற்றுத் தள்ளித் தூணோரம் அவர் மனைவி ஜெனிலா நின்றாள். வந்தவர்களைப் பார்த்தும் அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

“உங்க வீடியோ எல்லாம் பாத்திருக்கேன் சார். எங்க வீட்டுக்கும் இதே வண்டி எடுக்கலாம்னு ஒரு யோசனை. அதான் நேர்ல கேக்க வந்தோம்,” என்றாள் ஜுஹைனா.

ரசலையன் முகம் மலர்ந்தது. “வண்டி கொள்ளாம், நல்ல வண்டி, கேட்டியளா! சொல்லுதேன். அஞ்சு பேரு கால நீட்டி இருக்கலாம். பின்சீட்ட மடக்கினா ஒரு கட்டில் போடலாம், ரப்பர் ஷீட்டு கட்டுக்கட்டா அடுக்கலாம். அடிவயிறு நல்ல உயரம், கல்லு தட்டாது. மழையில வளைவு திரும்பினா சாதா வண்டி வழுக்கும், இது ரோட்டக் கவ்விப் பிடிக்கும். இறக்கத்துல பிரேக்க நீங்க மிதிக்கவே வேண்டாம், தானா நிதானிச்சு இறங்கும். பின்ன, முக்கியமானது, நாலு சக்கரமும் இழுக்கும். எந்தச் சக்கரம் வழுக்குதோ அத விட்டுட்டு மத்ததுக்கு பலத்தக் கொடுக்கும். குடும்பத்தோட போறதுக்கு இத விட ஒரு வண்டி கிடையாது!”

“செரி சார்,” என்றான் சுஜின், பள்ளத்தை எட்டிப் பார்த்தபடி. “அப்ப இது என்னத்துக்கு எருமை மாதிரி கிடக்கு?”

ரசலையனின் சிரிப்பு பாதியில் நின்றது. “அது… முந்தாநாள் மழையில மாட்டிச்சு.”

“நாலு சக்கரமும் இழுத்துமா?”

“சேறு அப்படி.”

“எங்க மாமா பழைய ஆட்டோ வச்சிருக்காரு. இதவிடப் பெரிய சேத்துல இருந்து வந்திருக்கு. பின்னால நான் ஒருத்தன்தான் தள்ளினேன்.”

மரத்தடியில் நின்ற ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ரசலையனின் காது மடல் சிவந்தது. ஜுஹைனா பெருமூச்சு விட்டுத் திரும்பினாள். “இவன் சொல்றதுதான் சரி. முன்சக்கர வண்டியே எடுத்திடலாம். எல்லாம் சேத்துக்குள்ள ஒண்ணுதான். வீடியோவுல காட்டுறதெல்லாம் முன்னாலயே டிராக்டர் நிறுத்தி வச்சு எடுக்கதா இருக்கும்.”

“யாருட்டி சொன்னது டிராக்டர்னு?” ரசலையன் கத்தினார். “எந்த நாயி சொன்னான்?”

“கண்ணால பாக்குதோம்லா,” என்றான் சுஜின். “மரத்தப் பாத்து முத்தம் கொடுத்துட்டு நிக்குது.”

அவ்வளவுதான். ஊரில் எத்தனையோ பேருக்குப் பெண்டாட்டியைச் சொன்னால் பொறுக்கும், வண்டியைச் சொன்னால் பொறுக்காது. ரசலையன் அந்த ஜாதி. வேட்டியை மடித்துக் கட்டினார், சாவியை உருவினார், சேற்றில் சளக் சளக்கென்று இறங்கி வண்டிக்குள் ஏறினார். தூணோரம் நின்ற ஜெனிலா, “வேண்டாம்,” என்று மெல்லச் சொன்னது அவர் காதில் விழவில்லை.

எஞ்சின் உறுமியது. முதலில் முன்சக்கரங்கள் சுழன்று செம்மண்ணை வாரி இறைத்தன. அடுத்த கணம் பின்சக்கரங்கள் மண்ணைக் கடித்தன. நாலு பக்கமும் சேறு பறந்தது. வண்டி ஒரு தடவை குலுங்கி, பின்னோக்கி நகர்ந்து, பள்ளத்தின் கரையில் ஒரே மூச்சில் ஏறி பங்களா முற்றத்தில் வந்து நின்றது.

“பாத்தியாலே! பாத்தியா!” ரசலையன் கதவைத் திறந்து குதித்தார். “டிராக்டராம் டிராக்டர்! இந்தச் சேறு இதுக்கு ஒரு சேறா?”

“பாத்தேன் சார். நல்லாப் பாத்தேன்,” என்றாள் ஜுஹைனா. “கண் இமைக்கிற நேரத்துல வெளிய வாற வண்டி, முந்தாநாள்ல இருந்து எப்படி உள்ள கிடந்துது? இன்ஸ்பெக்டர்ட்ட டிராக்டர் கேட்டீங்களே, எதுக்கு?”

ரசலையனின் கை சாவியோடு அப்படியே நின்றது. ஆனால் ஆள் வியாபாரி, சீக்கிரம் சுதாரித்துக்கொண்டார்.

“அன்னைக்கு தண்ணி கூட கிடந்துது. இன்னைக்கு வடிஞ்சிருக்கு. அதுக்கென்ன? நீ யாரு? போலீஸா?”

“போலீஸா இருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்கவே மாட்டேன்!”

அவள் மறுபடி தரையில் படுத்தாள். சேறு கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கியது. சவத்து வேலை என்று முணுமுணுத்தபடி வண்டியின் பின்பக்கம் டார்ச்சை அடித்தாள். நடுத்தண்டிலும், பின்சக்கரங்களைத் திருப்பும் தண்டிலும் வைக்கோல் புரி புரியாகச் சுற்றிக்கிடந்தது. ஒரு பிடியைப் பிய்த்து எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இது என்ன?”

“வைக்கோல். இந்த மாசம் எந்த ரோட்டுலதான் வைக்கோல் இல்ல? போன வாரம் எங்கயோ சுத்தியிருக்கும்.”

“போன வார வைக்கோல் இப்படிப் பச்சையா இருக்காது. இந்தப் பக்கம் அறுப்பு பிந்திப் போச்சு. நீங்க எஸ்டேட்டுக்கு வாற வழியில முதல் வயல் அறுத்தது முந்தாநாள் சாயங்காலம். வைக்கோல ரோட்டுல விரிச்சது நேத்து காலையில, இசக்கி கையால. முந்தாநாளே இங்க மாட்டிக் கிடந்த வண்டிக்கு அடியில நேத்து விரிச்ச வைக்கோல் எப்படி வந்துது? நடந்து வந்து சுத்திக்கிச்சா?”

சேற்றை வண்டிக்கு வெளியே அப்பிய மனுஷனுக்கு அடியில் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. குனிந்து பார்க்கிற வேலையெல்லாம் அவருக்கு எப்போதும் வேறு யாரோ செய்தார்கள்.

பால்வெட்டுக்காரர்கள் இப்போது சிரிக்கவில்லை. ரசலையன் நாலா பக்கமும் பார்த்தார். அவர் பார்வை தூணோரம் போய் நின்றது. சட்டென்று கையை நீட்டினார்.

“நான் இல்ல! ஓட்டினது அவ! கேட்டுக்கோங்க எல்லாரும். நேத்து வண்டி ஓட்டினது ஜெனிலாதான். நான் பக்கத்துல இருந்தேன். அவளக் காப்பாத்தத்தான் இவ்வளவும் செஞ்சேன்!”

சுஜின் ஜுஹைனாவைத் திரும்பிப் பார்த்தான். அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, தப்பான ஆளைப் பிடித்துவிட்டோமா?

ஜெனிலா படியிறங்கி வந்தாள். மெதுவாக வந்தாள். கணவனுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்று அவர் முகத்தையே பார்த்தாள்.

“எனக்கு ஓட்டத் தெரியுமா?” என்று கேட்டாள்.

ரசலையன் நீட்டிய கையை இறக்கினார்.

“சொல்லுங்க. எல்லாரும் நிக்காங்கல்லா. எனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா? குடும்ப வண்டி, குடும்ப வண்டின்னு ஊருக்கெல்லாம் வீடியோ போட்டியளே, ஒரு நாளாவது என்ன அந்த சீட்டுல இருக்க விட்டியளா? படிக்கேன்னு கேட்டதுக்கு, உன் மூஞ்சிக்கு ஸ்டியரிங் ஒரு கேடான்னு சிரிச்சியளே! அந்த வீடியோவும் போனுல கிடக்கு, அழிஞ்சு போகல்ல!”

அவள் ஜுஹைனாவிடம் திரும்பினாள்.

“நான் பக்கத்துல இருந்தேன். வைக்கோல்ல மெதுவா போங்கன்னு சொன்னேன். நாலு சக்கரமும் இழுக்குற வண்டிட்டி, நீ சும்மா இருன்னாரு. அவள இடிச்சு, வயல்ல இறங்கி, மறுபடி ரோட்டுல ஏறினோம். நிறுத்துங்கன்னு கத்தினேன். நிறுத்தினாரு. கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திட்டு இறங்கிப் பாத்தாரு.”

“இசக்கியையா?”

“வண்டிய. முன்னால குனிஞ்சு பம்பரப் பாத்தாரு. தலையில அடிச்சிக்கிட்டாரு, புது வண்டி போச்சேன்னு. பின்னால அவ கை அசைஞ்சுது. நான் பாத்தேன். நான் கதவத் திறக்கதுக்குள்ள வந்து ஏறி பூட்டிட்டாரு.”

ஜுஹைனாவின் கை தானாக உயர்ந்தது. சுஜின் பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் அது ரசலையன் கன்னத்தில்தான் இறங்கியிருக்கும்.

“விடுலே! ஒண்ணே ஒண்ணு!”

“அக்கா, நீங்க அடிச்சா கேசு நம்ம மேல திரும்பும். இந்த ஊருல அதுதான் வழக்கம்.”

அவன் கேலியாகச் சொல்லவில்லை. அவள் கையை இறக்கி, ரசலையன் விரல்களிலிருந்து சாவியைப் பிடுங்கினாள். ஜெனிலா உள்ளே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டு வந்தாள். “நான் ஸ்டேஷனுக்கு வாறேன். எங்க வேணும்னாலும் சொல்லுதேன்,” என்றவள் ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கணவன் கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம், மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேன் தயாராக நின்ற நேரத்தில் அவர்கள் ஸ்டேஷனுக்குள் நுழைந்தார்கள். ஜெனிலா சொன்னதைக் கேட்கக் கேட்க இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கிக்கொண்டே போனது. ரசலையனைப் பிடிக்க எஸ்டேட்டுக்குப் போலீஸ் ஜீப் பறந்தது. கடைசியில் அவர் லாக்கப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு, “சும்மா விசாரிக்கத்தான் தம்பி வச்சிருந்தோம். மனசுல வச்சிக்காத,” என்றார்.

“சும்மாவா?” ஜுஹைனா வெடித்தாள். “வேன் எதுக்கு சார் நிக்குது? ஊட்டிக்கு டூரா?”

அனில்குமார் வெளியே வந்தான். சட்டையில் இசக்கியின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. ஒருவரும் அவனுக்கு மாற்றுச் சட்டை கொடுக்கவில்லை. அஞ்சலி கட்டிக்கொண்டு அழுதபோதும் அவன் அழவில்லை. தாடை இறுகியிருந்தது. ஜுஹைனாவின் முன் வந்து நின்றான்.

“உங்களுக்கு நன்றி அக்கா. ஆனா ஒண்ணு சொல்லுதேன். ராத்திரி முழுக்க இதத்தான் நினைச்சிட்டு இருந்தேன். இனி ரோட்டுல எவன் கிடந்தாலும் நான் வண்டிய நிறுத்த மாட்டேன். செத்தாலும் நிறுத்த மாட்டேன். எனக்கு நல்லா வேணும்!”

அவன் சொன்னதில் தப்பு இருப்பதாக ஜுஹைனாவால் சொல்ல முடியவில்லை. சுஜினும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தேடினார்.

அனில்குமார் வாசல் வரை போனான். முற்றத்தில் நின்ற தன் காரைப் பார்த்தான். கேஸ் முடியும் வரை அதைத் தர மாட்டார்கள் என்று கான்ஸ்டபிள் சொன்னார். அவன் காறித் துப்பினான். பிறகு, யாரையும் பார்க்காமல், அதே கோபத்தோடு கேட்டான்.

“ஆசாரிப்பள்ளத்துக்கு பஸ் எங்க நிக்கும்? அந்த இசக்கி அக்காவுக்குத் துணைக்கு இருக்க ஆளில்லன்னு நர்ஸ் சொன்னாங்க. இந்த ரெண்டு நாளும் யாரு பாத்தாங்களோ என்னமோ.”

ஜுஹைனா ஜீப்பின் கதவைத் திறந்தாள்.

“ஏறு மக்கா,” என்றாள்.